டெபியன் பேக்கேஜைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது எப்படி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள், நிறைய இருக்கின்றன, அவற்றில் சில இப்போது உங்கள் கணினியிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். எவை என்று தெரிய வேண்டுமா? டெவ்ஸ்கிரிப்ட்ஸ் என்ற பேக்கேஜை நிறுவிவிட்டு டபிள்யூஎன்பிபி-அலர்ட் என்ற கட்டளையை ஓட்டுங்கள். நீங்கள் நிறுவி வைத்திருப்பவற்றில் பராமரிப்பாளர் கைவிட்டவை, வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவை, துணைக்கு ஆள் தேடுபவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பேக்கேஜிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே இருப்பதில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்ல தொடக்கம். பயன்படுத்துகிறவருக்குத்தான் எங்கே உடைந்தது என்று முதலில் தெரியும்.

பேக்கேஜைத் தேர்ந்தெடுத்ததும் அதற்கான பக் ரிப்போர்ட்டின் தலைப்பை 'ஓ' (கைவிடப்பட்டது) என்பதிலிருந்து 'ஐடிஏ' (எடுத்துக்கொள்ளப் போகிறேன்) என்று மாற்றி, உங்களை அதன் உரிமையாளராகப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவரும் அதே வேலையைத் தொடங்கிவிடாமல் இருக்க இது போதும்.

மூல பேக்கேஜில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, மென்பொருளை எழுதியவர்கள், அதாவது அப்ஸ்ட்ரீம், வெளியிட்ட மூலநிரல் தொகுப்பான டார் கோப்பு. மற்றது நாம் எழுதும் 'டெபியன்' என்ற ஃபோல்டர். கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட், வாட்ச், பேட்சஸ் எல்லாம் அதற்குள்தான். பதிப்பு எண்ணிலும் இந்தப் பிரிவு தெரியும். 2.4-1 என்றால் அப்ஸ்ட்ரீமின் 2.4, அதன் மேல் டெபியனின் முதல் வேலை. பேக்கேஜிங்கில் மட்டும் ஏதாவது திருத்தினால் அது 2.4-2 ஆகும். அப்ஸ்ட்ரீம் முன்னோட்டமாக 2.5ஆர்சி1 என்று வெளியிட்டால் நடுவே ஓர் அலைக்கோடு போட்டு 2.5~ஆர்சி1 என்று எழுத வேண்டும். அலைக்கோடு இருந்தால் அது 2.5-க்கும் கீழே வரிசைப்படும், இல்லாவிட்டால் உண்மையான 2.5 வரும்போது, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அதைப் பழையது என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் யூஸ்கேன். அது வாட்ச் கோப்பைப் படித்து, அப்ஸ்ட்ரீம் தளத்தில் புதிய வெளியீடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இறக்கிக்கொடுக்கும். பழைய பேக்கேஜ் என்றால் வாட்ச் கோப்பு பெரும்பாலும் செத்துப்போயிருக்கும், ஏனென்றால் திட்டம் வேறு தளத்துக்கு இடம் மாறியிருக்கும், முதல் நாள் வேலையே அதைச் சரிசெய்வதாக இருக்கலாம். அப்ஸ்ட்ரீம் தங்கள் டார் கோப்பில் கையொப்பம் இடுகிறார்கள் என்றால் அவர்களுடைய சாவியை டெபியன் ஃபோல்டருக்குள் வைத்து, வாட்ச் கோப்பிலும் கையொப்பத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள், இறக்கும்போதே யூஸ்கேன் சரிபார்த்துவிடும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் வேலை செய்கிறீர்கள் என்றால், ஜிபிபி இம்போர்ட்-ஆரிக் கட்டளையை யூஸ்கேன் என்ற விருப்பத்தோடு கொடுங்கள், அது யூஸ்கேனையும் தானே ஓட்டி, புதிய டார் கோப்பை அதற்கான கிளையில் சேர்த்துவிடும்.

இங்கே நிறுத்துங்கள். பில்ட் செய்யும், அதாவது மூலநிரலிலிருந்து பேக்கேஜைக் கட்டும், ஆசை வரும், வேண்டாம். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை முழுவதும் படியுங்கள். எண்ணை மாற்றுவது பத்து நிமிட வேலை, அதை ஒரு ஸ்கிரிப்ட்டே செய்யும். பயனருக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து அந்த வித்தியாசத்தைப் படித்தார் என்பதற்காகத்தான் பராமரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். பெரிய மென்பொருளில் ஒவ்வொரு வரியும் படிக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனாலும் பில்ட் கோப்புகளையும், புதிதாக முளைத்த கோப்புகளையும், இணையத்தைத் தொடும் இடங்களையும், இயல்புநிலை அமைப்புகள் மாறியதையும் படிக்காமல் விடாதீர்கள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் நடந்தது நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 இரண்டு வெளியீடுகளிலும் பின்கதவு இருந்தது, பில்ட்டின்போது அதை இயக்கிவிடும் எம்4 என்ற வகைக் கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர், தொலை உள்நுழைவுக்கான எஸ்எஸ்ஹெச்சில் நுழைவது வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிக் கண்டுபிடித்தார். அதற்குள் அது டெபியனில் புதியவை முதலில் வரும் அன்ஸ்டேபிளுக்கும், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டிருந்தது, பொதுப் பயனருக்கான ஸ்டேபிளுக்கு வரவில்லை. அதனால் இன்றைக்கு நான் ஒரு டார் கோப்பை எடுத்தால், அதே வெளியீட்டின் கிட் குறியோடு அதை ஒப்பிட்டு, டாரில் மட்டும் இருக்கும் கோப்புகள் எவை, அவை ஏன் இருக்கின்றன என்று பார்க்காமல் மேலே போவதில்லை. எண் குறைந்தால் மேம்படுத்தல் நடக்காது என்பதால், பழைய மூலநிரலுக்குத் திரும்பியபோது டெபியன் அதற்கு 5.6.1+ரியலி5.4.5-1 என்று எண் கொடுத்தது. இப்படிப் பின்வாங்க வேண்டி வந்தால் நீங்களும் இதே வழியில் எண் கொடுக்கலாம். எண்ணுக்கு முன்னால் ஒன்று, முக்காற்புள்ளி என்று போடும் எபாக்கைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள், ஒருமுறை போட்டால் அந்தப் பேக்கேஜின் ஆயுள் முழுக்க அது கூடவே வரும்.

படிக்கும்போதே காப்பிரைட் கோப்பையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் யாரோ ஒருவருடைய நூலகத்தை அப்படியே உள்ளே போட்டிருப்பார்கள், அதற்கு வேறு உரிமம் இருக்கும். லைசென்ஸ்செக் என்ற கருவி பாதி வேலையைச் செய்யும், மீதியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். டெபியனின் சுதந்திர மென்பொருள் வழிகாட்டுதல்களுக்கு ஒத்துவராத கோப்பு வந்திருந்தால் அதை நீக்கிவிட்டு டாரைத் திரும்பக் கட்டி, பதிப்பு எண்ணில் +டிஎஃப்எஸ்ஜி என்று சேர்ப்பது வழக்கம்.

அப்புறம் பேட்ச்கள், அதாவது அப்ஸ்ட்ரீம் மூலநிரலின் மேல் டெபியன் போடும் திருத்தங்கள். குவில்ட் என்ற கருவி வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்ஸ்ட்ரீம் ஏற்றுக்கொண்டவற்றை நீக்கிவிடலாம், அதுதான் இந்த வேலையிலேயே மகிழ்ச்சியான பகுதி. பேட்ச் விழும் இடத்தைச் சுற்றியுள்ள வரிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் டிபிகேஜி-சோர்ஸ் ஏற்காது, அதனால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும்போது பேட்ச் விழுந்த இடம் இன்னும் அதே இடம்தானா என்று பாருங்கள். ஒவ்வொரு பேட்சின் தலையிலும் அது எதற்கு, யார் எழுதியது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா என்று எழுதிவிடுங்கள், ஐந்து வருடம் கழித்து அந்த பேக்கேஜை எடுப்பவருக்கு உங்களைத் தொடர்புகொள்ள வழியே இல்லாமல் போகலாம்.

பேட்சை டெபியனுக்குள்ளேயே வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் கதை இருக்கிறது. 2006-இல் ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததால் டெபியன் பேக்கேஜில் சில வரிகள் நீக்கப்பட்டன. அப்ஸ்ட்ரீம் அஞ்சல் பட்டியலில் கேள்வி கேட்கப்பட்டது, சாதகமான பதிலும் வந்தது, ஆனால் அந்த பேட்ச் அப்ஸ்ட்ரீம் மூலநிரலில் சேரவில்லை, அங்கே இருப்பவர்கள் அதை முழுதாகப் பரிசீலிக்கவும் இல்லை. போன வரிகளோடு சீரற்ற எண்கள் உருவாகும் வழியும் போய்விட்டது, மிஞ்சியது ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புராசஸ் எண் மட்டும். விளைவாக, ஒரே வகை, ஒரே அளவு என்று எடுத்தால் உருவாகக்கூடிய மறையாக்கச் சாவிகள் மொத்தமே 32,768-க்குள் அடங்கிவிட்டன. இது வெளியே தெரிந்தது 2008 மே மாதம். செய்தவர்கள் கவனமில்லாதவர்கள் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், பேட்ச் எழுதினால் அதை அப்ஸ்ட்ரீமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல் கோப்பில், புதிய பதிப்பு எந்த நூலகங்களைக் கேட்கிறது, எதை விட்டுவிட்டது என்று பார்த்து, பில்ட்டுக்குத் தேவையானவற்றின் பட்டியலான பில்ட்-டிபென்ட்ஸைத் திருத்துங்கள். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பரின் நிலை 13-க்குக் கீழே இருந்தால் உயர்த்துங்கள், ஆனால் அதைத் தனிக் கமிட்டாக, அப்ஸ்ட்ரீம் மாற்றத்தோடு கலக்காமல் செய்யுங்கள். சேஞ்ச்லாக்கில் "புதிய அப்ஸ்ட்ரீம் வெளியீடு" என்பதோடு நிறுத்தாமல் டெபியன் பக்கத்தில் நீங்கள் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அங்கே 'குளோசஸ்' என்று போட்டு பக் எண்ணைக் குறிப்பிட்டால், பேக்கேஜ் களஞ்சியத்தில் ஏறியதும் அந்த பக் தானாக மூடப்படும். அமைப்புக் கோப்பின் வடிவம் மாறியது போன்ற, பயனர் கட்டாயம் அறிய வேண்டிய சங்கதி இருந்தால் அது நியூஸ் கோப்புக்குப் போக வேண்டும்.

பில்ட் செய்வதற்கு எஸ்பில்ட். உங்கள் கணினியில் நேரடியாக பில்ட் செய்தால் எல்லாம் சரியாகத்தான் வரும், ஏனென்றால் தேவையானதெல்லாம் எப்போதோ நிறுவியிருப்பீர்கள். எஸ்பில்ட் ஒவ்வொரு முறையும் காலியான அன்ஸ்டேபிள் சூழலில் தொடங்குவதால், கண்ட்ரோலில் எழுத மறந்த தேவை உடனே பல்லைக் காட்டிவிடும். பிறகு லிண்டியன். அது சொல்லும் பிழைகளையும் எச்சரிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், வாயை அடைக்க ஓவர்ரைடு என்ற விதிவிலக்கைப் போடுவதென்றால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். டெப்டிஃப் வைத்துப் பழைய டெப் கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் எந்தக் கோப்பு வந்தது, எது காணாமல் போனது என்று தெரிந்துவிடும்.

காணாமல் போனது என்றதும், நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு பேக்கேஜில் படங்களையும் மொழிக் கோப்புகளையும் தனியாக ஒரு தரவுப் பேக்கேஜுக்கு நகர்த்தினேன். புதிதாக நிறுவிப் பார்த்தேன், வேலை செய்தது, ஏற்றிவிட்டேன். மறுநாளே பக் ரிப்போர்ட் வந்தது. ஏற்கெனவே பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு, "இந்தக் கோப்பு இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது, மேலெழுத முடியாது" என்று டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது. கோப்பை ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் கண்ட்ரோல் கோப்பில் புதிய பேக்கேஜுக்குப் பிரேக்ஸ், ரீப்ளேசஸ் இரண்டையும் பழைய பதிப்பு எண்ணோடு போட வேண்டும், நான் போடவில்லை. ஒருவருடைய கணினி என்னால் மேம்படுத்தலின் நடுவே நின்றது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு, பழைய பதிப்பை நிறுவி அதன் மேலேயே மேம்படுத்திப் பார்க்காமல் எதையும் ஏற்றியதில்லை. பியூபார்ட்ஸ் என்ற கருவி நிறுவல், மேம்படுத்தல், நீக்கம் மூன்றையும் தானே செய்து பார்க்கும், அதையும் ஓட்டுங்கள்.

நூலகப் பேக்கேஜ் என்றால் கதையே வேறு. மற்ற நிரல்கள் அந்த நூலகத்தை அடையாளம் காணும் எஸ்ஓநேம் மாறியிருந்தால் பேக்கேஜின் பெயரே மாறும், அதைச் சார்ந்த எல்லாவற்றையும் திரும்ப பில்ட் செய்ய வேண்டும், அதற்கு வெளியீட்டுக் குழுவிடம் பேசி, முதலில் சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டலில் ஏற்றிப் பார்க்க வேண்டும். முதல் பேக்கேஜாக நூலகத்தை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் நூலகம் வெளியே தரும் பெயர்களின் பட்டியலான சிம்பல்ஸ் கோப்பில் ஏதாவது காணாமல் போனதா என்று பார்ப்பதை மட்டும் ஒருநாளும் தவிர்க்காதீர்கள்.

ஏற்றும் உரிமை உங்களுக்கு இன்னும் இல்லை என்றால் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றிவிட்டு, ஸ்பான்சர்ஷிப்-ரிக்வெஸ்ட்ஸ் என்ற பெயரளவுப் பேக்கேஜின் மீது ஒரு பக் ரிப்போர்ட் போடுங்கள். டெபியன் டெவலப்பர் ஒருவர் பார்த்து, குறை சொல்லி, திருத்தியதும் ஏற்றுவார். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதே மொழியில் எழுதிய பேக்கேஜ்களைக் கவனிக்கும் குழு இருந்தால் அவர்களிடம் போவது சீக்கிரம் நடக்கும், டெபியனின் கிட் தளமான சல்ஸாவில் அந்தக் குழுவின் களஞ்சியங்களைப் பார்த்தாலே அவர்கள் பழக்கம் புரிந்துவிடும்.

ஏற்றியாயிற்று, ஆனால் இன்னும் உட்கார்ந்திருக்க வேண்டும். மூலத்தை மட்டும்தான் நாம் ஏற்றுகிறோம், பில்ட் இயந்திரங்கள் ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனித்தனியே பில்ட் செய்யும். உங்கள் கணினியில் ஓடிய சோதனை எஸ்390எக்ஸ் என்ற கட்டமைப்பில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், வெளியீட்டில் இருக்கும் கட்டமைப்புகளில் பைட்டுகளை நேர்மாறான வரிசையில் அடுக்குவது அது ஒன்றுதான், அங்கே விழுவது பெரும்பாலும் மூலநிரலில் உண்மையாகவே இருக்கும் பிழை. எல்லாம் தேறினால், சாதாரண அவசரநிலையில் 5 நாள் அன்ஸ்டேபிளில் இருந்த பிறகு டெஸ்டிங்குக்கு நகரும். உங்களைச் சார்ந்த வேறொரு பேக்கேஜின் தானியங்கிச் சோதனை உங்களால் விழுந்தாலும் நகராது. பேக்கேஜின் டிராக்கர் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

"ஸ்டேபிளுக்கும் புதுப் பதிப்பைக் கொடுங்கள்" என்று பயனர்கள் கேட்பார்கள். பொதுவாக அது நடக்காது, நடக்கவும் கூடாது, ஏனென்றால் ஸ்டேபிள் மாறாது என்று நம்பித்தான் அவர்களே அதை நிறுவினார்கள். அங்கே செய்ய வேண்டியது, கடுமையான பக் ஒன்றின் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பின் மேல் பேட்சாகப் போட்டு, டெபியன் 13 என்றால் 2.4-1+டெப்13யூ1 என்பதுபோல் எண் கொடுத்து, வெளியீட்டுக் குழுவின் அனுமதி கேட்பது. பாதுகாப்புப் பிரச்சினை என்றால் முதலில் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். புதிய பதிப்பே வேண்டும் என்பவர்களுக்கு, புதியவற்றை ஸ்டேபிளுக்காகத் திரும்பக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸ் இருக்கிறது.

ஒருநாள் உங்களுக்கும் நேரம் இல்லாமல் போகும். வேலை மாறும், வீட்டில் குழந்தை பிறக்கும், அந்த மென்பொருளையே நீங்கள் பயன்படுத்தாமல் விட்டிருப்பீர்கள். அப்போது அமைதியாக இருந்துவிடாதீர்கள். நேரம் குறைந்தால் துணை கேட்கும் பக், கைமாற்ற நினைத்தால் 'ஆர்எஃப்ஏ', முடியவே முடியாது என்றால் 'ஓ' என்று போட்டு, பராமரிப்பாளர் பெயரை டெபியன் கியூஏ (தரக் கண்காணிப்பு) குழு என்று மாற்றி ஒரு முறை ஏற்றிவிடுங்கள். தீராத பக்கள், அப்ஸ்ட்ரீமில் யார் பதில் சொல்வார்கள், எந்த பேட்ச் இன்னும் அனுப்பப்படவில்லை என்பதையெல்லாம் அந்த பக் ரிப்போர்ட்டிலேயே எழுதிவையுங்கள். யாரோ ஒருவர் தன் கணினியில் டபிள்யூஎன்பிபி-அலர்ட் ஓட்டும்போது உங்கள் பேக்கேஜின் பெயர் வரும், அவர் முதலில் திறந்து படிப்பது அதைத்தான்.