நெகட்டிவ் ஸ்கேனர் வாங்கப் போறீங்களா, மொதல்ல டின்ன தொறந்து நெகட்டிவ அளங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல இருந்து டவுனுக்கு வந்த குடும்பங்கள் வீட்டுல, அலமாரி மேல எங்கயாவது ஒரு பிஸ்கட் டின்னுல பழைய நெகட்டிவ் கிடக்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்ல எடுத்த கல்யாணம், தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதுல தான் இருக்கு. ரப்பர் போயி செம்பனை வந்துருச்சு, லயத்தையும் இடிச்சாச்சு, அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு பேரப்பிள்ளைங்களுக்குக் காட்ட இத விட்டா வேற ஒன்னும் இல்ல, அதனால ஸ்கேனர நிதானமா பாத்து வாங்குங்க.

ஒரு ஸ்கேல் எடுத்து அளங்க. ரெண்டு ஓரத்துலயும் வரிசையா ஓட்டை இருந்தா அது 35 மில்லிமீட்டர். ஓட்டையே இல்லாம 6 சென்டிமீட்டர் கிட்ட அகலமா இருந்தா 120 ஃபிலிம், அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரங்க நிறைய பேர் இதுல தான் எடுத்தாங்க. ஏன் அளக்கச் சொல்றேன்னா, சில ஸ்கேனர் மூடியில லைட்டு நடுவுல ஒரு சின்ன பட்டையா தான் இருக்கும், 35 மட்டும் தான் போகும், 120 வச்சா பாதி படம் இருட்டாயிரும்.

அந்த மூடி லைட்டு தான் முக்கியமே. ஆபீஸ்ல பேப்பர் ஸ்கேன் பண்ற மெஷின் கீழ இருந்து வெளிச்சம் அடிச்சு திரும்பி வர்றத தான் படிக்கும், நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகணும். யூஎஸ்பி வயர்லயே ஓடுற மெல்லிசு ஸ்கேனர் மலிவா கிடைக்கும், ஆனா அதுல இருக்கிறது சிஐஎஸ் சென்சார், கண்ணாடியில ஒட்டி இருக்கிறத தான் கூர்மையா எடுக்கும், மூடியில லைட்டும் கிடையாது. கண்ணாடிய விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறதையும் கூர்மையா எடுக்கிற சிசிடி சென்சார் உள்ளத கேளுங்க.

அடுத்து டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி எடுக்கும்ங்கிற கணக்கு. பெட்டியில 6400 டிபிஐன்னு போட்டிருக்கும், அத நம்பி காசு குடுக்காதீங்க. எப்சன் கம்பெனியோட வி600 ஸ்கேனர்ல அப்படித்தான் போட்டிருக்கு, சோதிச்சுப் பாத்தவங்க கணக்குல உண்மையா கிடைக்கிறது 1600 கிட்ட தான், வி850 அத விட நல்லா இருக்கும், 2300 கிட்ட வரும். 35 ஃபிலிம 2400ல ஸ்கேன் பண்ணா 3400க்கு 2270 பிக்சல் கிட்ட வரும், ஆல்பத்துக்குத் தாராளம். அதுக்கு மேல ஏத்துனா ஃபைல் தான் வீங்கும். 120 பெருசுங்கிறதால வி600லயே அருமையா வரும், என்னைக் கேட்டா டின்னுல 120 நிறைய இருந்தா வி600 போதும். வெறும் 35 மட்டும்னா பிளஸ்டெக் மாதிரி ஃபிலிமுக்குன்னே செஞ்ச ஸ்கேனர் தான் நல்லது.

டிஜிட்டல் ஐஸ் இருக்குன்னு விலைய ஏத்திச் சொல்லுவாங்க. அது இன்ஃப்ராரெட் வச்சு தூசி கீறல கண்டுபிடிச்சு அழிக்கும், கலர் நெகட்டிவுக்கு ரொம்ப உதவி. கருப்பு வெள்ளையில படமா இருக்கிற வெள்ளித்துகளே இன்ஃப்ராரெட்ட மறைச்சிரும், படத்தையே தூசின்னு நெனச்சு கெடுத்துரும், அதுக்கு ஆஃப் பண்ணி வைங்க. டின்னுல இருக்கிறது எல்லாம் கருப்பு வெள்ளைனா இதுக்காக ஒரு ரிங்கிட் கூட அதிகம் குடுக்க வேணாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க லேப்டாப்பும் ஒரு நெகட்டிவும் கையோட கொண்டு போங்க. ஃபிலிம் மாட்டுற பிளாஸ்டிக் ஹோல்டர் எல்லாம் இருக்கான்னு மொதல்ல கேளுங்க, நிறைய பேர் தொலைச்சிருப்பாங்க, ஹோல்டர் இல்லாம கண்ணாடி மேல அப்படியே வச்சா எண்ணெய் மெதக்குற மாதிரி வளையம் வளையமா விழும். மூடிக்கு உள்ள இருக்கிற வெள்ளை அட்டைய கழட்டிட்டு சும்மா ஒரு ஸ்கேன் போடுங்க, நீளமா கோடு தெரிஞ்சா, கண்ணாடிக்கு உட்பக்கம் மங்கலா இருந்தா யோசிங்க. ஜப்பான்ல இருந்து வந்த செட்டுனா அடாப்டர்ல 100 வோல்ட்டுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, நம்ம ஊரு கரண்ட் 230 வோல்ட்டு.

ஒரு விஷயம், டின்ன தொறந்ததும் வினிகர் வாடை வந்தா அந்த ஃபிலிம் ஏற்கனவே சிதைய ஆரம்பிச்சிருச்சு, நம்ம ஊரு ஈரத்துக்கும் சூட்டுக்கும் இது சீக்கிரமே நடக்கும். அத தனியா எடுத்து வச்சு மொதல்ல ஸ்கேன் பண்ணுங்க. பூஞ்சை பிடிச்சத தண்ணியில கழுவாதீங்க, படம் இருக்கிற ஜெலட்டினே கரைஞ்சு வந்துரும், காத்து அடிக்கிற ரப்பர் பம்ப்ல மெதுவா ஊதினா போதும். ஸ்கேன் பண்றத தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலா வைங்க, சொந்தக்காரங்களுக்கு வாட்ஸப்ல அனுப்ப மட்டும் ஜேபெக்.