பெட்ரோல் கோளாறு: பழைய காடியைப் பட்டறைக்கு இழுக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும், பழைய புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, பெரோடுவாவின் 660 சிசி காஞ்சில் எல்லாம் இன்னும் எத்தனை குடும்பங்களைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன என்று. முதல் சாகா 1985-இல் வந்தது, காஞ்சில் 1994-இல். இன்றைக்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவது அதுதான், பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப்போவதும் அதுதான். "பழைய காடிதானே, தூக்கிப் போடு" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கவனித்தால் இந்த எஞ்சின்கள் இன்னும் நன்றாக உழைக்கும்.

காடி நடுவழியில் நின்றுவிட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பம்பை மாற்று என்பார் ஒருவர், கார்புரேட்டரை மாற்று என்பார் இன்னொருவர். சொன்னதையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் வெள்ளிதான் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். ஸ்பேனரைத் தொடும் முன் காடி எப்போது நிற்கிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் டாங்கியில் தொடங்கி எஞ்சினை நோக்கிப் போங்கள், செலவில்லாததை முதலில் பாருங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் புதிதாகக் கற்பவர்கூடப் பாதிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் காடி எந்த வகை?

பழைய சாகாவும் 660 காஞ்சிலும் கார்புரேட்டர் வகை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கருவி உள்ளவை. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் இயந்திர பம்ப் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் கார்புரேட்டருக்கு அனுப்பும். இதில் அழுத்தம் மிகக் குறைவு, அரை பார் (அழுத்தத்தின் அளவு) கூட வராது. இன்ஜெக்‌ஷன் வகையில் (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் வகை) டாங்கிக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கும், அழுத்தம் சுமார் 3 பார். வீராவில் இரண்டும் உண்டு: முதலில் வந்தவற்றில் பல கார்புரேட்டர், அப்புறம் எம்.பி.ஐ. என்ற இன்ஜெக்‌ஷன் வகை வந்தது. பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் வட்டமான தட்டுப்போல எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கார்புரேட்டர்தான். வகையைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஓஸையும் கழற்றாதீர்கள். 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

தொடங்கும் முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடக்கூடியது, நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட எடை கூடியது. மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து கால்வாயிலும் குழியிலும் தங்கும். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்பக்கத்தில், காடியை நிறுத்தி வேலை செய்பவர்கள் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். சாமி மேடையில் விளக்கு எரிகிறதா, சாம்பிராணி புகைகிறதா, கட்டிலுக்கடியில் கொசுவத்தி இருக்கிறதா, சமையல் அறையில் அடுப்பு எரிகிறதா? வெள்ளிக்கிழமை மாலை இந்த வேலையே வேண்டாம்.

காடியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். எஞ்சின் முழுதாக ஆறட்டும். பெட்ரோல் ஓஸைக் கழற்றும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். டாங்கியிலிருந்து ஓஸ் போட்டு வாயால் உறிஞ்சும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. அது வேண்டவே வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆளை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். கையால் அமுக்கும் பம்ப் ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

படி 1: எப்போது வருகிறது இந்தக் கோளாறு?

ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? சூடானபின் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் வர மறுக்கிறதா? மேட்டில் மட்டும் இழுவை குறைகிறதா? டாங்கியில் பெட்ரோல் குறைந்த பிறகுதான் தொடங்குகிறதா? மழைக்குப் பிறகா?

ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. சமதரையில் நன்றாக ஓடி, மேடு ஏறும்போதோ செம்பனை லோரியை முந்தும்போதோ மூச்சுத் திணறினால், தேவையான அளவு பெட்ரோல் வந்து சேரவில்லை: ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் தளர்ச்சி. டாங்கி கால்வாசிக்குக் கீழே போனதும் தொடங்கினால் டாங்கியின் அடியில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, முன்பைவிட அதிகச் செலவு மூன்றும் சேர்ந்து வந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் பெட்ரோலைவிட மின்சாரப் பக்கத்தை, அதாவது ஸ்பார்க் பிளக் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 2: உண்மையிலேயே பெட்ரோல்தானா?

ஸ்டார்ட் ஆகாத காடியில் சில தடவை முயன்றபின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. கரி பிடித்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம்.

கார்புரேட்டர் காடிக்கு இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி, ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் நெம்பைக் கையால் ஒரு முறை திருப்புங்கள். உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணம்வரை பெட்ரோல் வந்திருக்கிறது. எதுவும் வராவிட்டால் அடைப்பு பெரும்பாலும் அதற்கு முன்னால்தான், ஆகவே பின்பக்கம் போங்கள்.

இன்ஜெக்‌ஷன் காடியில் காதுதான் கருவி. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின் இருக்கை அருகே குனிந்து கேட்க வேண்டும். "ங்ங்ங்" என்ற சன்னமான ஒலி கேட்டால் பம்ப் சுழல்கிறது. சில காடிகளில் சாவி போட்டதும் இரண்டு விநாடி கேட்கும், சிலவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டுமே. ஒலியே இல்லையென்றால் உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்புக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு பெட்டி), அடுத்து பம்புக்குப் போகும் வயர் பிளக். பழைய ரிலேக்களின் உள்ளே ஈயப் பற்று மயிரிழையாக விரிந்திருக்கும். சூட்டில் தொடர்பு விட்டுப்போய், ஆறினதும் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்யும். வெயிலில் நின்றுபோய் மாலையில் ஓடும் காடியா? ரிலேயைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: டாங்கி மூடி

செலவே இல்லாத சோதனை இது. பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியின் மூச்சுத்துளை அடைத்துக்கொண்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். காடி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்ஸ்" என்று காற்று பலமாக உள்ளே இழுத்து, அப்புறம் காடி சரியாக ஓடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. புது மூடி போடுங்கள்.

மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் காடிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பின் சக்கரம் வாரியடிக்கும் சேறு, பெட்ரோல் ஊற்றும் குழாயைச் சுற்றியும் டாங்கிப் பட்டையிலும் அப்பிக்கொண்டு ஈரம் காயாமலே இருக்கும். வெளியே துருவாகத் தெரியும்போது உள்ளே ஓட்டை விழ அதிக நாள் இல்லை. காடி கழுவும்போது அந்த இடத்துக்கும் தண்ணீர் அடித்துச் சேற்றை எடுங்கள்.

படி 4: ஓஸ்கள்

வயதான காடியில் நான் மிகவும் பயப்படுவது ரப்பர் ஓஸுக்குத்தான். டாங்கி தொடங்கி எஞ்சின்வரை ஒவ்வொரு ரப்பர் துண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, ஊதல், பிசுபிசுப்பு இருந்தால் மாற்ற வேண்டும். ஒன்று கெட்டிருந்தால் மற்றதும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு சொட்டு சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் காடி முழுவதும் போய்விடும்.

கடையில் "பெட்ரோல் ஓஸ்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓஸ் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கார்புரேட்டர் காடிக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (SAE J30 R7) போதும். இன்ஜெக்‌ஷனுக்கு அதிக அழுத்தம் தாங்கும் ஆர்9 (R9) வேண்டும். மீன்தொட்டி ஓஸும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸும் சில வாரத்தில் கல்லாய் இறுகிவிடும். கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள்.

படி 5: ஃபில்டர்

மேட்டில் இழுக்காத காடிக்கு முதல் மருந்து இதுதான். கார்புரேட்டர் காடியின் ஃபில்டர் மலிவு, சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம். இன்ஜெக்‌ஷன் காடியில் முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும்: பம்பின் ஃபியூஸையோ வயர் பிளக்கையோ கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், தானாகவே அணைந்துவிடும். இன்னும் இரண்டு முறை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு பேட்டரி முனையைக் கழற்றுங்கள். அதற்கப்புறமும் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள், கொஞ்சம் வடியத்தான் செய்யும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புது ஃபில்டரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் பெட்ரோல் உள்ளே வரும் பக்கத்தைக் கவிழ்த்து, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஆடாமல் வையுங்கள். அடியில் உருண்டையாகத் தனித்து நிற்பது தண்ணீர். செம்பழுப்புத் தூள் என்றால் டாங்கி துருப்பிடித்திருக்கிறது, புது ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் டாங்கியைக் கவனிக்காமல் ஃபில்டர் மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கோளாறுக்கு ஆக்டேன் கூடிய ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆக்டேன் கூடினால் அடைப்பு விலகாது. இந்த எஞ்சின்களுக்கு ரோன் 95 போதும், மிச்சமாகும் காசில் ஃபில்டர் வாங்குங்கள்.

படி 6: பம்ப்

கார்புரேட்டர் காடியின் பம்புக்குள் ரப்பர் சவ்வு ஒன்று உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே கசியலாம், அல்லது யாருக்கும் தெரியாமல் எஞ்சின் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயிலின் அளவும் கூடியிருந்தால் அந்தக் காடியை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பம்பை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் காடியின் பம்ப் தன்னைச் சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான் குளிர்கிறது. எப்போதும் பத்து வெள்ளிக்கு அடித்துக்கொண்டு பெட்ரோல் தீரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிய எரியவே ஓட்டினால் பம்புக்கு ஆயுள் குறையும். கால் டாங்கிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: எஞ்சின் பக்கம்

ஐட்லில் மட்டும் அணைந்து, மிதித்தால் ஓடும் கார்புரேட்டர் காடிக்கு ஐட்ல் ஜெட் என்ற சிறு துளையில் அடைப்பு இருக்கலாம். கார்புரேட்டர் ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம். கலவை ஸ்குரூவைத் தொடுவதாக இருந்தால், முதலில் உள்பக்கம் மெதுவாக, அது நிற்கும்வரை திருகி எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டு, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவையின் ஊசி மூடவில்லை. ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்ஜெக்‌ஷனில் கறுப்புப் புகை வந்தால், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரில் செருகியிருக்கும் சிறிய வாக்குவம் ஓஸைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஓஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் சவ்வு கிழிந்திருக்கிறது.

தீபாவளிக்கு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துபோகும்போது கார்புரேட்டர் காடி நின்றுவிட்டால், ஓஸிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கலாம். ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் காத்திருங்கள். தண்ணீரைச் சூடான எக்ஸாஸ்ட் மேல் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விடும். அடிக்கடி இப்படி வந்தால் பெட்ரோல் ஓஸ் எக்ஸாஸ்டுக்கு மிக அருகில் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

முடித்த பிறகு

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, நீங்கள் தொட்ட ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை. வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும். மூடியுள்ள பெட்ரோல் தொங்கில் (கேனில்) வைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

டாங்கியைக் கழற்றுவது, டாங்கிக்குள் இருக்கும் பம்பை மாற்றுவது, கார்புரேட்டரை முழுதாகப் பிரிப்பது ஆகியவற்றை ஃபோர்மேன் அண்ணனிடம் விடுங்கள். படி 1-இல் எழுதிய தாளைக் கையில் கொடுத்து, என்னென்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அவருக்கும் நேரம் மிச்சம். டாங்கியில் ஓட்டை என்றால் "வெல்டிங் வைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். காலியான டாங்கிக்குள் மிச்சமிருக்கும் ஆவிதான் வெடிக்கும். பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் துருவில்லாத டாங்கி தேடச் சொல்லுங்கள்.