வற்றாப்பளை: தீர்த்தம் போகும் பாதையில்

லீவில் வன்னிக்குப் போகிற நம்மவர்கள் பலர் காலையில் யாழ்ப்பாணத்தில் வான் பிடித்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு, முல்லைத்தீவுக் கடலில் கால் நனைத்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடுகிறார்கள். இந்தச் சின்ன ஊரை அப்படிப் பார்க்க முடியாது. வைகாசிப் பொங்கலை ஒட்டி ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

கொழும்பிலிருந்து ரயிலில் வருபவர்கள் மாங்குளத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஏ34 வீதி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது. ஏறக்குறைய 50 கிலோமீற்றர். முள்ளியவளையைத் தாண்டி வடக்கே திரும்பினால் வற்றாப்பளை. வயலும் பனையும் முடிகிற இடத்தில் நந்திக்கடல் தொடங்கிவிடும். பெயர்தான் கடல், உண்மையில் ஆழம் குறைந்த களப்பு, கடலை ஒட்டிய உப்புநீர் ஏரி. அதற்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டுதான் இருக்கிறது. முள்ளிவாய்க்காலும் வட்டுவாகலும் அதில்தான் உள்ளன. மாரியில் காட்டாற்று வெள்ளமெல்லாம் களப்புக்குள் இறங்கி, வட்டுவாகலில் கடலோடு சேரும்.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி ஈழத்தில் தங்கிய பத்தாவது இடம் இது, அதனால் 'பத்தாம் பளை' என்றிருந்து வற்றாப்பளை ஆனது என்பது ஊர்வழக்கு. களப்புக் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் அவள் கிழவியாக வந்தாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பேன் பார்க்கச் சொன்னாள். தலை முழுக்கக் கண்கள்! பயந்துபோன சிறுவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது கிழவி இல்லை.

இன்றும் அந்த விளக்கு உப்புநீரில்தான் எரிகிறது என்பது ஊர்மக்களின் நம்பிக்கை. பொங்கலுக்காகப் பாக்குச் சேகரிக்கும் 'பாக்குத் தெண்டல்' சடங்கு முடிந்து, பொங்கலுக்கு முந்திய திங்களன்று முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே ஒரு வாரம் விளக்கெரியும். ஞாயிறு அங்கே பொங்கல், மறுநாள் திங்கள் வற்றாப்பளையில் பொங்கல். நீங்களும் தீர்த்தத்துக்குப் பின்னால் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கடலும் கோயிலும் வயலும் களப்பும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்று காலுக்கே தெரியும்.

பொங்கல் நாள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்காண்டு மாறும். பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ வரும். ஊரிலே கேட்டு உறுதிசெய்த பிறகு டிக்கெட் போடுங்கள். திங்கள் இரவு காவடியும் பாற்செம்புமாகக் கூட்டம் நெரியும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் பின்னேரமே கூட்டிப்போய் வந்துவிடுவது நல்லது. ஆண்களுக்கு வேட்டி, எல்லோருக்கும் வெறுங்கால். தங்கும் வீட்டில் விரதம் பிடிப்பார்கள், மச்சம் (மீன், இறைச்சி) கேட்காதீர்கள். நந்திக்கடல் இறாலுக்கு நாக்கு ஊறினால் பொங்கல் முடிந்து இரண்டு நாள் நில்லுங்கள். கிணற்றுநீர் சில இடங்களில் உவர்க்கும். குடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த கரை இதுதான். மே 18 நினைவேந்தலும் பொங்கலும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வரும். அழுதுவிட்டு வந்த அதே கையால் பானை வைக்கும் அம்மாக்களை அங்கே காண்பீர்கள். அந்த நாட்களைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் போனை மடியில் வைத்துவிட்டு இருந்து கேளுங்கள். பக்கத்துக் கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் தங்கள் காணிக்காக இராணுவ முகாமின் முன்னே மாதக்கணக்கில் வீதியோரம் குந்தியிருந்தவர்கள். முகாம்களைப் படமெடுக்காதீர்கள், தெரியாத பற்றைக்குள் இறங்காதீர்கள்.

திரும்பும்போது வட்டுவாகல் பாலத்தால் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியே போகலாம். மாரியில் அந்தப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்வதுண்டு. முல்லைத்தீவில் விசாரித்துவிட்டு, இருட்ட முன்னம் கடந்துவிடுங்கள்.