தோள் நழுவியதா? எலும்பைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

நழுவிய தோள்மூட்டை உள்ளே ஏற்றிவிட்டதும் வலி சட்டென்று இறங்கிவிடும். பலரை ஏமாற்றுவது அந்த நிம்மதிதான். "ஏறிடுச்சு, சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். தோள் அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்களோடு மாதக்கணக்கில் பழகுகிறேன். ஐந்தாறு முறை நழுவிய பிறகுதான் "எலும்பு போயிருக்கு" என்ற வார்த்தையையே முதன்முதலாகக் கேட்டோம் என்று சொல்பவர்கள் அவர்களில் நிறைய. முன்பே தெரிந்திருந்தால் பலருடைய சிகிச்சை இன்னும் எளிதாக முடிந்திருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தோள்மூட்டில் மேற்கை எலும்பின் தலை ஒரு பெரிய பந்து. அது உட்காரும் கிண்ணம் பெயருக்குத்தான் கிண்ணம், உண்மையில் ஆழமில்லாத சின்னத் தட்டு. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். அப்போது இரண்டு இடங்களில் அடி விழுகிறது. தட்டின் முன்விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிகிறது, சில சமயம் விளிம்பு எலும்பையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. ஆர்தர் பேங்கார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1923-ல் இதைப் பற்றி எழுதியதால் பேங்கார்ட் காயம் என்கிறார்கள். வெளியே வந்த பந்து அதே விளிம்பில் மோதுவதால் பந்தின் பின்பக்கத்திலும் ஒரு பள்ளம் விழுகிறது. அது ஹில்-சாக்ஸ் பள்ளம். ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் 1940-ல் விவரித்தது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் தட்டு இன்னும் கொஞ்சம் தேயலாம், பள்ளம் இன்னும் பெரிதாகலாம். முதல்முறை நழுவும்போது இருபது வயதுகூட ஆகாதவர்களுக்கு மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், அவர்கள் "பழகிப்போச்சு" என்று விட்டுவிடவே கூடாது.

முதல் தவறு நழுவிய இடத்திலேயே நடந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கிறார், அல்லது நழுவிப் பழகியவர் தானே ஏற்றிக்கொள்கிறார். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பிலேயே துண்டு விலகிவிடலாம். மூட்டுக்குக் கீழே ஓடும் நரம்பும் அடிபடலாம். தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது அதனால்தான். ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் எக்ஸ்ரே வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வாரங்கள் கழித்தும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது வெறும் அசதி இல்லை. தோளைச் சுற்றிய தசைநார் கிழிந்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ தோள் வலித்தால் கூடுதல் கவனம் தேவை. அப்போது தோள் பின்பக்கமாக நழுவியிருக்கக்கூடும். நேராக எடுக்கும் ஒரே எக்ஸ்ரேயில் அது சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். கை உள்பக்கம் திரும்பியபடியே பூட்டிக்கொண்டு, வெளிப்பக்கம் திருப்பவே முடியாமல் இருப்பதுதான் அடையாளம். அக்குள் வழியாக எடுக்கும் படமோ சிடி ஸ்கேனோ இல்லாமல் இதை விட்டுவிட்டால், நாளாக நாளாகப் பந்தின் முன்பக்கம் நசுங்கி, சரிசெய்வது கடினமாகிவிடும்.

அப்புறம், "எம்ஆர்ஐ எடுத்தாச்சே" என்பது. குருத்து, தசைநார் கிழிசல்களைப் பார்க்க எம்ஆர்ஐ நல்லது. ஆனால் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க முப்பரிமாண சிடி ஸ்கேன்தான் வழக்கமாக நம்பும் வழி. அதில் பந்தைக் கணினியில் நீக்கிவிட்டுத் தட்டை மட்டும் நேருக்கு நேர் பார்க்கலாம். தட்டின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய ஒரு வட்டம். அந்த வட்டத்தை வரைந்து, முன்பக்கம் எத்தனை சதவீதம் காணவில்லை என்று கணக்கிடுவார்கள். கையை முழுக்கத் தூக்காமல் பாதியிலேயே நழுவுகிறது, தூக்கத்தில் புரண்டால் நழுவுகிறது என்றால், ஸ்கேனுக்கு முன்பே எலும்பு இழப்பைச் சந்தேகிக்கலாம். இதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்காதீர்கள்.

இந்தச் சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலே, தழும்பு சின்னதாக இருக்கும் என்பதற்காக நுண்துளை அறுவை சிகிச்சையைக் கேட்டு வாங்குவது. கிழிந்த குருத்தை மறுபடி விளிம்பில் தைத்துப் பிடிக்கவைக்கும் பேங்கார்ட் சிகிச்சை, எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கு அருமையானது. எலும்பே இல்லாத இடத்தில் தையல் எதைப் பிடித்து நிற்கும்? பர்கார்ட், டி பீர் என்ற இரு அறுவை சிகிச்சை நிபுணர்கள் 2000-ம் ஆண்டில், நுண்துளை முறையில் தைக்கப்பட்ட 194 தோள்களை ஆராய்ந்து எழுதினார்கள். எலும்பில் பெரிய குறை இல்லாதவர்களில் 4 சதவீதத்தினருக்கே தோள் மறுபடி நிலைகுலைந்தது. பெரிய குறை இருந்தவர்களில் அது 67 சதவீதம். தையல் முறை ஒன்றுதான், எலும்புதான் வேறு.

தட்டில் 20 முதல் 25 சதவீதம் போனால் எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. 2015-ல் ராணுவத்தினரிடம் செய்த ஓர் ஆய்வில், 13.5 சதவீதத்துக்கு மேல் போனவர்களுக்குத் தோள் மறுபடி நழுவாவிட்டாலும் அதன் செயல்பாடு திருப்தியாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே "இன்னும் 20 ஆகலையே" என்று காத்திருப்பதும் தவறுதான். பந்தின் பள்ளத்தையும் தனியாகப் பார்க்க முடியாது. கையைத் தூக்கித் திருப்பும்போது அந்தப் பள்ளம் தட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்ச் சிக்குமா, தட்டுக்குள்ளேயே ஓடுமா என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் சிகிச்சை மாறுகிறது. விளிம்புத் துண்டு புதிதாக உடைந்திருந்தால் அதையே பழைய இடத்தில் பொருத்திவிடலாம். தள்ளிப்போட்டால் துண்டு கரைந்து சிறுத்துவிடலாம், பிறகு பொருத்தப் போதுமான அளவு மிஞ்சாமல் போகலாம். பந்தின் பள்ளம் சிக்குகிறது, ஆனால் தட்டு பரவாயில்லை என்றால், பின்பக்கத் தசைநாரைப் பள்ளத்துக்குள் தைத்து நிரப்புவார்கள். தட்டே போதவில்லை என்றால் லடார்ஜே முறை. மிஷெல் லடார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1954-ல் விவரித்த அறுவை சிகிச்சை இது. தோளின் முன்பக்கம் காக்கை அலகு மாதிரி வளைந்து நீண்ட ஓர் எலும்புப் பகுதி இருக்கிறது. அதன் முனையை, ஒட்டியிருக்கும் தசைநாரோடு வெட்டியெடுத்து, தட்டின் முன்விளிம்பில் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள், பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ. தட்டு அகலமாகிறது. கையைத் தூக்கும்போது கூடவே வந்த தசைநார் ஒரு பட்டைபோலப் பந்தை முன்னால் தாங்கிப் பிடிக்கிறது. இதுவும் தோற்றுப்போனால், அல்லது இழப்பு மிகப் பெரிதாக இருந்தால், இடுப்பு எலும்பிலிருந்து துண்டு எடுத்து வைப்பதுண்டு.

லடார்ஜே பெரிய சிகிச்சைதான். நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. எலும்பு தட்டின் மட்டத்துக்குச் சரியாக உட்கார வேண்டும். வெளியே துருத்தினால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும், உள்ளே தள்ளிப் போனால் தாங்காது. அதனால் இதை அடிக்கடி செய்கிறவரா என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் மறைக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று வலிப்பு. அது கட்டுக்குள் வராமல் தோளைச் சரிசெய்தால், அடுத்த வலிப்பிலேயே எல்லாம் பெயர்ந்துவிடலாம். இன்னொன்று புகைபிடித்தல். வைத்த எலும்பு ஒட்டாமல் போக அது ஒரு காரணம்.

சரி, சிகிச்சை முடிந்தது. எங்களிடம் வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இனிமேல்தான். இரண்டு வாரத்தில் வலி போய்விடும். உடனே கையைத் தாங்கும் பட்டையை (ஸ்லிங்) கழற்றிப்போடுகிறார்கள். வலி போனதற்கும் எலும்பு ஒட்டியதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டுவதற்கு மாதங்கள் ஆகும். லடார்ஜே செய்தவர்கள் முழங்கையை மடக்கிப் பை தூக்குவதை முதல் வாரங்களில் அறவே தவிர்க்க வேண்டும். மாற்றிவைத்த எலும்பில் ஒட்டியிருப்பது, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் ஒரு முனை. நீங்கள் பை தூக்கும்போது அது புது எலும்பையே பிடித்து இழுக்கிறது. எத்தனையோ பேர் "தோளை அசைக்கவே இல்லையே, முழங்கையைத்தானே மடக்கினேன்" என்று கேட்டிருக்கிறார்கள்.

நேர்மாறான தவறும் உண்டு. பயந்துபோய் விரலைக்கூட அசைக்காமல் வைத்திருப்பது. அனுமதித்த அளவில் விரல், மணிக்கட்டு இரண்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். முழங்கையை மருத்துவர் சொன்ன விதத்தில், எடையில்லாமல், மற்ற கையின் உதவியோடு நீட்டி மடக்கலாம். கையை வெளிப்பக்கம் திருப்புவது மெதுவாகத்தான் வரும், கொஞ்சம் குறைவாகவே நின்றுவிடவும் செய்யலாம். அதைச் சீக்கிரம் கொண்டுவர யாராவது பலமாக அழுத்தித் திருப்ப முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். மோதி விளையாடும் ஆட்டங்களுக்குப் பொதுவாக நாலிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். மாதக் கணக்கை மட்டும் நம்பாமல், எலும்பு ஒட்டியதை ஸ்கேனில் பார்த்து, இரண்டு கைகளின் பலத்தையும் ஒப்பிட்டு, கையைத் தூக்கித் திருப்பும்போது நழுவிவிடுமோ என்ற பயம் போயிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

காய்ச்சல், தையலில் கசிவு, புதிதாக மரத்துப்போதல், கையை மடக்கும் பலம் திடீரென்று குறைதல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். சிடி படங்களையும், எந்த எலும்பு எங்கே எத்தனை ஸ்க்ரூவில் வைக்கப்பட்டது என்று எழுதிய அறுவை சிகிச்சைக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். பல வருடம் கழித்து அந்தத் தோளைத் திறக்க நேர்ந்தால், முன்பிருந்த அமைப்பு மாறியிருக்கும் அந்த இடத்தில் நரம்பைத் தேடப்போகும் மருத்துவருக்கு அந்தக் காகிதம்தான் வரைபடம்.