கிளாசிக் காருக்கு வயரிங் கிட் வாங்கப் போறீங்களா, சர்க்யூட் எண்ணிக்கைய கடைசியா பாருங்க

பழைய கார பிரிச்சுப் போட்டு திரும்ப கட்டுறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல வயரிங்ல வந்து முட்டி நிப்பாங்க. இன்ஜின் முடிஞ்சிருக்கும், பெயின்ட் முடிஞ்சிருக்கும், டேஷ்போர்டுக்கு கீழ கைய விட்டா வயர் மேல இருக்கற ரப்பரும் துணியும் பொடிப்பொடியா உதிரும், நடுவுல யாரோ எந்தக் காலத்துலயோ முறுக்கி டேப் சுத்துன ஜாயின்ட் ஒரு பத்து இருக்கும். சரி மொத்தமா மாத்திடலாம்னு தேட ஆரம்பிச்சா 12 சர்க்யூட் கிட், 18 சர்க்யூட், 21, 24ன்னு வரிசையா வரும் (சர்க்யூட்னா ஒரு ஃபியூஸோட கிளம்பற தனி வயர் பாதை), உடனே எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எத்தன சர்க்யூட் வாங்கலாம்?" என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. அந்த நம்பர்ல பாதி உங்க கார்ல இல்லாத பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஏசி, ரேடியோக்கான வயரா இருக்கும், எண்ணுற விதமும் எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி கிடையாது.

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து கார்ல என்னென்ன கரன்ட் தின்னப்போகுதுன்னு எழுதுங்க. இப்ப இருக்கறது மட்டும் இல்ல, கட்டி முடிச்சப்புறம் இருக்கப்போறதும். ஹெட்லைட், பார்க் லைட், இன்டிகேட்டர், பிரேக் லைட், ஹார்ன், வைப்பர், ஹீட்டர் பிளோயர், மீட்டர்கள், செல்ஃப், இக்னிஷன், அப்புறம் எலக்ட்ரிக் ஃபேன் போடுறீங்களா, எலக்ட்ரிக் ஃபியூல் பம்ப் போடுறீங்களா, கார்புரேட்டர தூக்கிட்டு இன்ஜெக்ஷன் வைக்கிறீங்களா. ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல ஆம்பியர் எழுதுங்க, வாட்ஸ 12ஆல வகுத்தா போதும். 60 வாட்ஸ் பல்பு ரெண்டு எரிஞ்சா 120 வாட்ஸ், 10 ஆம்ப். பெரிய ரேடியேட்டர் ஃபேன் ஒன்னு மட்டுமே 20, 30 ஆம்ப் இழுக்கும். இந்த லிஸ்ட் கையில இருந்தா பாதி கிட் தன்னால கழண்டு போயிடும்.

அடுத்து, கார ஒரிஜினலா வைக்கப்போறீங்களா மாத்தப்போறீங்களாங்கறத முடிவு பண்ணுங்க, இதுல ரெண்டும் கெட்டானா இருந்தா பணம் ரெண்டு தடவ போகும். கம்பெனில வந்த மாதிரியே அதே கலர், அதே துணி சுத்துன வயர், அதே நீளம்னு செஞ்சு தர்ற ஹார்னஸ் (வயர் எல்லாம் சேத்துக் கட்டின கட்டு) இருக்கு, பிரிட்டிஷ் கார்களுக்கு ஆட்டோஸ்பார்க்ஸ் மாதிரி ஆளுங்க செய்றாங்க. கார் ஷோ, ஜட்ஜிங் எல்லாம் போறவங்களுக்கு அதான் சரி, ஆனா அந்தக் காலத்து லோடுக்கு தான் அது தாங்கும். இன்னொரு பக்கம் யுனிவர்சல் கிட், எந்தக் காருக்கும் போடலாம்பாங்க, நிஜமா சொல்லணும்னா எந்தக் காருக்கும் நேரா உக்காராது, எல்லாத்தையும் நீங்க தான் வெட்டி நுனில டெர்மினல் (மாட்டுற உலோக முனை) அடிக்கணும். நடுவுல மூணாவது வகை ஒன்னு இருக்கு, குறிப்பிட்ட மாடலுக்குன்னே செஞ்சது, ஸ்விட்ச், லைட் கனெக்டர் எல்லாம் ஒரிஜினல் மாதிரியே மாட்டிக்கும் ஆனா உள்ள பிளேட் ஃபியூஸ் (இப்பத்திய கார்ல வர்ற தட்டையான ஃபியூஸ்) பாக்ஸ், கூடுதல் சர்க்யூட், ஆல்டர்நேட்டருக்கு தடிமனான வயர் எல்லாம் இருக்கும். அமெரிக்கன் ஆட்டோவயர்ல கிளாசிக் அப்டேட்னு ஒரு வரிசையே இருக்கு. உங்க காருக்கு இந்த மூணாவது வகை கிடைச்சா விலை கூட இருந்தாலும் யோசிக்காம அதுக்கு போங்க, யுனிவர்சல்ல மிச்சம் பிடிக்கறத டெர்மினல், கனெக்டர் தேடி அலையறதுல விட்டுடுவீங்க.

இப்ப கார் எந்த சிஸ்டம்ல ஓடுதுன்னு பாக்கணும். 1955ல ஷெவர்லே, 1956ல ஃபோர்டு 12 வோல்டுக்கு மாறுச்சு, அமெரிக்காவுக்குப் போன பீட்டில் 1967 மாடல்ல தான் மாறுச்சு, அதுக்கு முந்தி இந்தக் கார்கள் எல்லாம் 6 வோல்ட். 6 வோல்ட்ல அதே வாட்ஸுக்கு ரெட்டிப்பு கரன்ட் ஓடணும், அதனால வயர் தடிமனா இருக்கும். கார 6 வோல்ட்லயே வச்சுக்கப் போறவங்க 12 வோல்டுக்குன்னு செஞ்ச கிட்ட வாங்கி மாட்டினா லைட்டு மங்கலா எரியும், பேட்டரி கேபிளும் 12 வோல்ட்டுக்கானதா இருந்தா செல்ஃபும் சோம்பலா சுத்தும். தலைகீழா 12க்கு மாத்தறீங்கன்னா கிட் பிரச்சனை இல்ல, பல்பு, காயில், ஹார்ன், வைப்பர் மோட்டார், மீட்டர் இதையெல்லாம் என்ன பண்றதுன்னு தனியா ஒரு லிஸ்ட் போடணும்.

பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைய கார் பாடில சேத்திருக்கறது, இன்னொரு தலவலி. பிரிட்டிஷ் கார் நிறைய 60கள் வரைக்கும் பாசிட்டிவ் எர்த் தான், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரே 1967 கடைசில தான் நெகட்டிவ் எர்த்துக்கும் ஆல்டர்நேட்டருக்கும் வந்துச்சு. சாதா பல்புக்கு எந்தப் பக்கம் கரன்ட் வந்தாலும் ஒன்னு தான், ஆனா எலக்ட்ரானிக் ஃபிளாஷர், எல்இடி, எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியோ எல்லாம் செத்துப்போகும். இப்ப வர்ற மாடர்ன் கிட் எல்லாமே நெகட்டிவ் எர்த்த மனசுல வச்சு தான் செஞ்சிருப்பாங்க, அதனால கிட் ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே இத முடிவு பண்ணிடுங்க.

சார்ஜிங் பக்கம் கொஞ்சம் நின்னு பாக்கணும், தீப்பிடிக்கற கதை நிறைய இங்க இருந்து தான் ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் கார்கள்ல வர்ற லூகாஸ் கம்பெனியோட சி40 டைனமோ (ஆல்டர்நேட்டருக்கு முந்தின ஜெனரேட்டர்) 22 ஆம்ப் தான் கொடுக்கும், பழைய மெயின் வயர் எல்லாம் அந்த அளவுக்கு கணக்குப் போட்டது. அந்த இடத்துல 80, 100 ஆம்ப் ஆல்டர்நேட்டர மாட்டிட்டு பழைய வயர்லயே ஓட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. டேஷ்போர்டுல ஆம்மீட்டர் இருக்கற கார்ல இன்னும் மோசம், மொத்த சார்ஜிங் கரன்ட்டும் கேபினுக்குள்ள வந்து அந்த மீட்டர் வழியா போயிட்டு திரும்பி வெளிய வரும், பழைய கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகள்ல ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) கனெக்டர் உருகிப்போறது இதனால தான். அதனால கிட்ல ஆல்டர்நேட்டர் சார்ஜ் வயர் என்ன தடிமன், அது நேரா பேட்டரிக்கோ செல்ஃப் மோட்டார் போல்டுக்கோ போகுதா, அதுல மெகா ஃபியூஸோ (பெரிய ஃபியூஸ்) ஃபியூசிபிள் லிங்க்கோ (கரன்ட் அதிகமானா உருகிப்போற வயர்) இருக்கா, ஆம்மீட்டர விட்டுட்டு வோல்ட்மீட்டர் போட வழி இருக்கா, இந்த நாலையும் விக்கிறவங்க கிட்ட கேளுங்க. பதில் இழுத்தாங்கன்னா வேற கிட் பாருங்க. ஆல்டர்நேட்டர் ஒத்த வயரா மூணு வயரான்னும் சொல்லணும், பிளக் மாறும்.

நிறைய பேர் தவற விடுற விஷயம் பின்னாடி லைட்டு. அமெரிக்க கார் பலதுல பிரேக் லைட்டும் இன்டிகேட்டரும் ஒரே பல்பு, பிரேக் வயர் ஸ்டீயரிங் தண்டுல இருக்கற இன்டிகேட்டர் ஸ்விட்ச் வழியா போயிட்டு தான் பின்னாடி வரும். மத்த ஊர் கார்கள்ல பெரும்பாலும் இன்டிகேட்டர் தனி மஞ்சள் பல்பு. யுனிவர்சல் கிட் அதிகமா அமெரிக்க முறைக்கு செஞ்சது, அத தனி இன்டிகேட்டர் இருக்கற கார்ல போட்டா பின்பக்கத்துக்கு வயரும் பத்தாது ஸ்விட்ச் லாஜிக்கும் சேராது. ஸ்டீயரிங் தண்டு கனெக்டரும் அப்படி தான், ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்லயே 3 7/8 இன்ச், 4 1/4 இன்ச்னு ரெண்டு சைஸ் இருக்கு, ஸ்கேல் வச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க.

வயர் தரத்துக்கு வருவோம். மலிவான கிட்ல பிவிசி இன்சுலேஷன், 80 டிகிரி செல்சியஸ் சுத்தி தான் தாங்கும், சூடு பட்டா இளகும், சைலன்சர் பைப் பக்கம் போனா உருகும். நல்ல கிட்ல கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன், ஜிஎக்ஸ்எல் டிஎக்ஸ்எல்னு வயர் மேலயே அச்சடிச்சிருக்கும், 125 டிகிரி வரைக்கும் தாங்கும். டிஎக்ஸ்எல்ல இன்சுலேஷன் மெல்லிசு, அதனால மொத்த கட்டும் ஒல்லியா வரும், பழைய கார்ல ஃபயர்வால் ஓட்ட சின்னதா இருக்கும் இல்லையா, அங்க இது பெரிய உதவி. பேர் தெரியாத கிட்ல அலுமினியத்து மேல செம்பு பூசின வயரும் வரும், நுனில கத்தியால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுங்க. என்ன ஒன்னு, டின் பூசுன நல்ல செம்பு வயரும் மேல வெள்ளையா தான் இருக்கும், உள்ள சுரண்டினா சிவப்பு தெரியணும், அவ்ளோ தான்.

தடிமன் விஷயத்துல கேஜ் (வயர் தடிமன அளக்கற அமெரிக்க முறை) நம்பர் பெருசானா வயர் சின்னது. 10 கேஜ்னா கிட்டத்தட்ட 5.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் 2.1, 18 கேஜ் 0.8. கிட்ல ஹெட்லைட்டுக்கு 18 கேஜ் கொடுத்திருந்தா அந்த கிட்ட மறந்துடுங்க. பல்புக்கு வர்ற வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போயிடும், "பழைய கார்னா லைட்டு இப்படி தான்"னு நெறய பேர் சமாதானம் சொல்லிக்கறது பாதி வயர்ல காணாம போற வோல்டேஜ் தான். ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்ட ஆன் பண்ற ஸ்விட்ச்) வச்ச கிட்டா இருந்தா ரொம்ப நல்லது, ஒரிஜினல் ஸ்விட்சும் பொழைக்கும்.

கலர். இத சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. லூகாஸ் முறைல பிரவுன் வயர்னா பேட்டரில இருந்து ஃபியூஸே இல்லாம நேரா வர்ற கரன்ட், ஜெனரல் மோட்டார்ஸ் முறைல பிரவுன்னா டெயில் லைட்டு. உங்க பிரிட்டிஷ் கார்ல அமெரிக்க கலர் கிட் போட்டுட்டா நாளைக்கு கார் மேனுவல வச்சுக்கிட்டு ரிப்பேர் பாக்க வர்றவரு தலைய பிச்சுப்பாரு. வேற வழியில்லாம போட்டா புது டயக்ராம் ஒன்னு பிரின்ட் எடுத்து கார்லயே வைங்க. வயர் மேல ஒவ்வொரு சில இன்ச்சுக்கும் "லெஃப்ட் டர்ன்", "ஃபேன்"னு அச்சடிச்சு வர்ற கிட் இருக்கு, பெயின்லெஸ் மாதிரி கம்பெனிங்க அப்படி தான் தர்றாங்க, முதல் தடவ வயரிங் பண்றவங்களுக்கு அது ஒன்னுக்காகவே கூட காசு கொடுக்கலாம்.

ஃபியூஸ் பாக்ஸ்னு பாத்தா பிளேட் ஃபியூஸ் எடுத்துக்கோங்க, கண்ணாடி ஃபியூஸ் மூடி துருப்பிடிச்சு காண்டாக்ட் போறது தீராத தொல்ல. ஆனா மாத்தும்போது ஒன்ன கவனிங்க, பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸ்ல 35ன்னு போட்டிருந்தா அது எரிஞ்சு போற ஆம்ப், தொடர்ந்து தாங்கறது 17 தான். அத பாத்துட்டு 35 ஆம்ப் பிளேட் ஃபியூஸ் சொருகினீங்கன்னா ஃபியூஸ் பத்திரமா இருக்கும் வயர் எரியும். ஃபியூஸ் இருக்கறது வயர காப்பாத்த தான், அதனால அந்த வயர் எவ்ளோ தாங்கும்னு பாத்து ஃபியூஸ் நம்பர் போடணும். ஆரம்பகால எம்ஜிபி மாதிரி பழைய கார்ல மொத்தமே ரெண்டு ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, 12 சர்க்யூட் கிட் போட்டாலே அதுக்கு எவ்ளவோ மேல்.

இங்க தான் எண்ணிக்கை கேள்விக்கு பதில் வருது. முதல்ல எழுதின லிஸ்ட்ல தனி ஃபியூஸ் வேணும்ங்கறத எண்ணுங்க, மேல மூணு நாலு காலியா விடுங்க, அதான் உங்க நம்பர். சாதா ரோட்ஸ்டருக்கு 12 தாராளம். ஏசி, பவர் விண்டோ, ஃபேன், பம்ப் எல்லாம் இருந்தா 18 மேல போகலாம். இன்ஜெக்ஷன் இன்ஜின் மாத்துறவங்களுக்கு இன்ஜின் ஹார்னஸ் தனி, பாடி ஹார்னஸ் தனி, பாடி கிட்ல இருந்து அதுக்கு ஒரு நல்ல பேட்டரி ஃபீட், செல்ஃப் அடிக்கும்போதும் சாகாத ஒரு இக்னிஷன் ஃபீட், எர்த், இவ்ளோ தான் தேவை.

எர்த்துக்கு கிட்ல பெரும்பாலும் ஒன்னுமே தர மாட்டாங்க, பேட்டரில இருந்து இன்ஜின், இன்ஜின்ல இருந்து பாடி, பாடில இருந்து சேசிஸ்னு பட்டைய தனியா வாங்கணும். ஃபைபர் பாடி கார்னா ஒவ்வொரு லைட்டுக்கும் எர்த் வயர் ஓட்டணும், அது கிட்ல இருக்கான்னு கேளுங்க. பேட்டரிய டிக்கிக்கு மாத்துறவங்க பின்பக்கத்து நீளத்தையும் மெயின் கேபிளையும் தனியா கணக்குல எடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி அந்த கிட்டோட இன்ஸ்டாலேஷன் மேனுவல டவுன்லோட் பண்ணி படிச்சுடுங்க, பல கம்பெனி பிடிஎஃப்பா சைட்லயே போட்டிருப்பாங்க. படிச்சு உங்களுக்கே புரியுதுன்னா வாங்குங்க. மேனுவலே இல்லாம நாலு பக்க ஃபோட்டோகாப்பி மட்டும் தர்ற கிட் எவ்ளோ சல்லிசா இருந்தாலும் வேணாம்.

பார்சல் வந்ததும் ஜிப் டைய வெட்டாம தரைல விரிச்சு, பழைய ஹார்னஸ பக்கத்துல போட்டு நீளம் பாருங்க, ரிட்டர்ன் பண்றதுன்னா இப்ப தான் பண்ண முடியும், ஒரு வயர வெட்டிட்டா எவனும் திருப்பி எடுக்க மாட்டான். பழைய ஹார்னஸ தூக்கி எறிஞ்சுடாதீங்க, கார் ஸ்டார்ட் ஆகி எல்லா லைட்டும் எரியற வரைக்கும் அதுல டேக் கட்டி ஓரமா வச்சிருங்க, எந்தக் கிளை எங்க பிரியுதுன்னு டயக்ராம்ல இருக்காது, அந்த பழைய கட்டுல தான் இருக்கும், சில கனெக்டர் வெளிய கிடைக்கவே கிடைக்காது, அதுல இருந்து தான் கழட்டி புதுசுல போடணும்.