எத்தியோப்பிய வீட்டில் விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

அடிஸ் அபாபாவில் யாராவது "வீட்டுக்கு வாங்க, காபி குடிக்கலாம்" என்று கூப்பிட்டால், அதற்கு அப்புறம் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே காபி என்பது பச்சைக் கொட்டையைக் கழுவுவதில் ஆரம்பிக்கிறது.

முதலில் நேரத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எத்தியோப்பியர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. "9 மணிக்கு வாங்க" என்பது மத்தியானம் 3 மணியாக இருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களிடம் சிலர் மாற்றிச் சொல்வார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். "காலையிலா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கையில் சர்க்கரையோ பழமோ கொண்டுபோங்கள், போதும்.

உள்ளே தரையில் புல் பரப்பியிருக்கும், சாம்பிராணி புகையும். வீட்டுப் பெண் கரி அடுப்பில் கொட்டையை வறுத்து, புகை கிளம்பும்போது அந்தச் சட்டியை உங்கள் முகத்தருகே கொண்டுவருவார். ஃபோனை எடுக்காதீர்கள். கையால் புகையை உங்கள் பக்கம் இழுத்து நன்றாக முகருங்கள். அவர் எதிர்பார்ப்பது அதைத்தான். பிறகு ஜெபெனா என்ற மண்கூஜாவிலிருந்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார். அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. அதே தூளில் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைப்பதால் போகப்போகக் காபி நீர்த்துவிடும். மூன்றாவதுதான் ஆசீர்வாதம் என்பார்கள். அதற்கு முன்னால் எழுந்திருப்பது மரியாதையில்லை.

சாப்பாடும் உண்டென்றால், கை கழுவத் தண்ணீர் உங்கள் இடத்துக்கே வரும். எல்லோருக்கும் ஒரே பெரிய தட்டு, அதில் விரித்த இஞ்செரா, அதாவது தோசை மாதிரியான புளித்த மாவு அப்பம். வலது கையால், உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள். விரலை நக்கக் கூடாது. கையால் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம்!

அப்புறம் வரும் குர்ஷா. இஞ்செராவைக் கிழித்து, குழம்பை வைத்துச் சுருட்டி, நேராக உங்கள் வாய்க்கே கொண்டுவருவார்கள். கையில் வாங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். பாதியைக் கடித்து மீதியை அவர் விரலில் விட்டுவைக்காதீர்கள். வாயை நன்றாகத் திறங்கள், அவ்வளவுதான். சுருள் எவ்வளவு பெரிதோ பாசமும் அவ்வளவு பெரிது என்பது அங்கே கணக்கு. எனக்கு ஊட்டிய ஒரு பாட்டி அந்தக் கணக்கில் கறாரானவர்: கன்னம் இரண்டும் உப்பி, பெர்பெரே மிளகாய்ப்பொடி மூக்கில் ஏறி, அவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அது முடியும் முன்பே இரண்டாவது தயார். ஒற்றைக் குர்ஷா சண்டை மூட்டும் என்று அங்கே சொல்வார்கள், அதனால் ஒன்றோடு தப்ப முடியாது. இரண்டையும் வாங்கிக்கொண்டு, நீங்களும் ஒரு வாய் சுருட்டி அவருக்கு ஊட்டுங்கள். வயதானவருக்கு ஊட்டலாமா என்று கூச்சப்பட வேண்டாம். "அமெசெக்னாலெஹு" என்று நன்றி சொல்வதைவிட அதில்தான் அவர் முகம் மலரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புதன், வெள்ளியில் போவது சுலபம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வீடுகளில் அன்று நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு, பருப்பு, கீரை என்று தட்டு நிறைந்துவிடும். மற்ற நாளென்றால் அழைக்கும்போதே "நோன்புச் சாப்பாடு போதும்" என்று சொல்லிவிடுங்கள். தட்டில் கிட்ஃபோ, அதாவது கொத்திய பச்சை மாட்டிறைச்சி, வந்து உட்கார்ந்த பிறகு சொல்வது இரண்டு பேருக்கும் சங்கடம்.