வீடு வாங்க முன், அதைச் சோதிக்க வருபவரைச் சோதியுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்த மேசனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அனுபவம் பெரிதுதான், ஆனால் வங்கிக் கடனுக்கோ பின்னர் வரும் பிணக்குக்கோ அவருடைய வாய்ச்சொல் உதவாது.

பொறியியலாளர் என்று சொல்பவரிடம் முதலில் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவையில் அவர் பதிந்திருக்க வேண்டும். இலக்கத்தைப் பேரவையிடமே உறுதிப்படுத்துங்கள். அட்டையின் நிழற்படப் பிரதி போதாது. பெயர் அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா, அவருடைய துறை கட்டடங்களைப் பார்க்கும் குடிசார் (சிவில்) பொறியியலா என்பதையும் பாருங்கள். மின் பொறியியலாளர் அத்திவாரத்துக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது, முன்பு எழுதிய அறிக்கை ஒன்று. உரிமையாளரின் விபரத்தை மறைத்துத் தரச் சொல்லுங்கள். "சுவரில் வெடிப்பு உண்டு" என்று மட்டும் இருந்தால் வேண்டாம். வெடிப்பின் அகலம் மில்லிமீற்றரில், இடம், படம், காரணம் எல்லாம் இருக்க வேண்டும்.

நேரிலும் ஒன்று கேளுங்கள்: "கொங்கிறீற்றுக் கூரையின் அடிப்பக்கம் ஏன் உதிர்கிறது?" உப்பு மணலோ கடற்காற்றோ கம்பியைத் துருவேற்ற, துரு பருத்து கொங்கிறீற்றைத் தள்ளுகிறது என்று விளக்கத் தெரிந்தவர் வேண்டும். மேலே பூசினால் சரி என்பவரை விட்டுவிடுங்கள்.

தரகர் கூட்டிவருபவரும், திருத்த வேலையைத் தானே எடுக்க விரும்புபவரும் வேண்டவே வேண்டாம். கட்டணத்தையும், கூரை, கிணறு, மலக்குழி, வயரிங் என எதையெல்லாம் பார்ப்பார் என்பதையும் முற்பணத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.